கேமராவைக் குறை சொல்லும் முன்: சால்மன் முட்டை பிரிக்கும் இயந்திரம் தடுமாறினால் எங்கே பார்ப்பது?

செத்த முட்டைகளை உயிர் முட்டைகளிலிருந்து பிரிக்கும் இயந்திரம் நல்ல முட்டைகளைக் கழிவில் தள்ளுகிறது என்று தெரிந்தவுடன் பலரும் முதலில் செய்வது, எது நல்லது, எது கழிவு என்று முடிவு செய்யும் எல்லை மதிப்பைத் திரையில் இரண்டு புள்ளி நகர்த்திப் பார்ப்பதுதான். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டையோடு சேர்த்து நீரையும், நீரில் வரும் குமிழியையும், கண்ணாடியில் படிந்த படலத்தையும், விளக்கின் வயதையும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஏதோ ஒன்று மாறியதற்காக எல்லை மதிப்பை மாற்றினால், அந்த ஒன்று சரியான மறுநாள் இயந்திரம் எதிர்ப்பக்கமாகத் தவறும். பிறகு எது பழைய கோளாறு, எது நாம் உண்டாக்கியது என்று பிரித்தறிய ஒரு வாரம் போகும்.

நார்வே, ஸ்காட்லாந்து, சிலி போன்ற இடங்களின் சால்மன் பொரிப்பகங்களிலும், அதன் உறவு மீனான டிரவுட்டின் பொரிப்பகங்களிலும் ஓடும் இயந்திரங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வட நார்வேயின் மீன் ஆலைகளில் 1980களிலேயே தமிழர்கள் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் எந்த இயந்திரத்தோடும் தமிழில் ஒரு கையேடு வந்து நான் பார்த்ததில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரோடு வரும் முட்டைகள், துளையிட்ட வட்டத்தட்டில் துளைக்கு ஒன்றாக அமரும். சில இயந்திரங்களில் தட்டுக்குப் பதில் பள்ளம் வெட்டிய பெல்ட் இருக்கும். கேமரா படம் எடுக்கும், நிரல் தீர்ப்புச் சொல்லும், சற்றுத் தள்ளி நிற்கும் வால்வு காற்றையோ நீரையோ பீய்ச்சிக் கழிக்க வேண்டியதைத் தள்ளிவிடும். பழைய இயந்திரங்களில் ஓர் ஒளி உணரி மட்டும் இருந்தது. ஒளி ஊடுருவினால் உயிர் முட்டை, வெளுத்துப்போய் மறித்தால் செத்த முட்டை, அவ்வளவுதான். கேமரா வந்தபின் ஓட்டுக்குள் கரும்புள்ளியாகத் தெரியும் கருவின் கண், முட்டையின் அளவு, உருவக் கோளாறு வரை பார்க்க முடிகிறது. தவறும் வழிகளும் அதே அளவுக்குப் பெருகின.

"கழிவுத் தொட்டியில் உயிர் முட்டை நிறைய கிடக்கிறது"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். பாதி நேரம் இது கோளாறே அல்ல.

கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் முட்டைகள் ஓடுகின்றன. அதில் 3 சதவீதம், அதாவது 3,000, செத்தவை. செத்தவற்றில் நூற்றுக்கு 99ஐ இயந்திரம் பிடிக்கிறது. உயிருள்ளவற்றில் நூற்றுக்கு 1ஐத் தவறாகத் தள்ளுகிறது என்று கொள்வோம். கழிவில் விழுபவை 2,970 செத்த முட்டைகள், 970 உயிர் முட்டைகள். தொட்டியில் கால்பங்கு உயிர்! நல்ல தொட்டியில் எஞ்சியிருப்பது 30 செத்த முட்டைகள்தான்; ஆனாலும் யாரோ ஒருவர் "எதற்கும் இன்னொரு முறை ஓட்டிவிடுவோம்" என்பார். இரண்டாம் ஓட்டத்தில் கழிவில் அந்த 30 செத்த முட்டைகளும் சுமார் 960 உயிர் முட்டைகளும் விழும். தொட்டியைப் பார்ப்பவருக்கு இயந்திரம் பைத்தியம் பிடித்து நல்லதையெல்லாம் தள்ளுவதாகத் தோன்றும். இயந்திரம் முன்பிருந்தபடியே இருக்கிறது. உள்ளே போன சரக்குதான் மாறியிருக்கிறது.

எனவே கழிவுத் தொட்டியின் விகிதத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: மொத்த உயிர் முட்டைகளில் எத்தனை சதவீதத்தை இழந்தோம்? நல்ல தொட்டியில் இருப்பவற்றில் எத்தனை சதவீதம் தப்பிவந்த செத்தவை? இரண்டாவதற்கு நல்ல தொட்டியில் வெவ்வேறு இடங்களிலிருந்து 300 முட்டைகளை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிக் கண்ணால் எண்ணுங்கள். ஒன்றுகூடச் செத்தது இல்லையென்றால், தப்பிய அளவு 1 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 50 முட்டைகளை எண்ணிவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை.

இந்த எண்ணிக்கைக்குப் பிறகும் உயிர் இழப்பு வழக்கத்தைவிட அதிகம் என்றால், அது எந்த ஒழுங்கில் நிகழ்கிறது என்று பாருங்கள். மொத்தமாக ஒரே எண்ணை வைத்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை; எந்த நேரத்தில், எந்த வரிசையில், எந்தத் தாய்மீனின் முட்டையில் என்று பிரித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

*காலையில் சரியாக ஓடி, போகப்போகக் கெடுகிறது.* கேமராவுக்கு முன்னிருக்கும் கண்ணாடியில் வியர்வை கோத்திருக்கலாம். நீர் 6 டிகிரி செல்சியஸ், அறைக் காற்றோ ஆட்கள் நடமாட்டத்தால் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும். துடைத்தால் சில நிமிடங்களில் மறுபடி வந்துவிடுவது இதன் அடையாளம். கண்ணாடியின் மேல் உலர்ந்த காற்றை மெல்ல ஓடவிட வேண்டும், அல்லது கண்ணாடியை மட்டும் சற்றுச் சூடாக வைக்க வேண்டும். நீரின் வெப்பத்தைக் கூட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

ஏனென்றால் அடுத்த சந்தேகமே அங்கிருந்துதான் வருகிறது: குமிழி. குளிர்ந்த நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருந்த வாயு தங்க இடமின்றி நுண்குமிழிகளாக வெளியேறி முட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும். பம்பின் உறிஞ்சு குழாயில் மூட்டு தளர்ந்து காற்றை இழுத்தாலும் இதே விளைவுதான். மேல்விளக்கில் குமிழி வெள்ளைப் புள்ளியாகவும், பின்விளக்கில் கருவளையமாகவும் தெரியும். முதலாவதை நிரல் செத்த பகுதி என்று எண்ணும். இரண்டாவதைச் சில சமயம் கண் என்றே எண்ணிவிடும், அது இன்னும் மோசம். இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு குவளை முட்டைகளை எடுத்து, அசையாத நீரில் சில நிமிடங்கள் வைத்துச் சாய்வான ஒளியில் பாருங்கள். முத்து முத்தாக ஒட்டியிருந்தால், கோளாறு கேமராவுக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. பம்பையும் வாயு நீக்கும் கோபுரத்தையும் பாருங்கள்.

*ஒரே வரிசையில் மட்டும் கெடுகிறது.* அந்த வரிசைக்கு மேலுள்ள எல்இடி மங்கியிருக்கும், அல்லது அங்கே கண்ணாடியில் கீறலோ படலமோ இருக்கும். நிலத்தடி நீரில் இரும்பு இருக்கும் இடங்களில் பழுப்புப் படலம் வேகமாகப் படிகிறது. முட்டையின் மேலும் படியும். தினமும் வேலை தொடங்கும் முன் ஒரே வெள்ளைப் பீங்கான் துண்டை ஒவ்வொரு வரிசையிலும் வைத்து, திரையில் வரும் ஒளி அளவைக் குறித்துவையுங்கள். ஐந்து நிமிட வேலைதான் என்றாலும், விளக்கு வலுவிழப்பதை இதைவிட எளிதாகக் கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியாது.

*நேரமும் வரிசையும் பொருந்தவில்லை, திடீர் திடீரென்று கெடுகிறது.* அறை விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சாதாரண விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும். அணைத்ததும் சரியானால் இயந்திரத்தைச் சுற்றி மூடி போடுவதே தீர்வு. கடும் வெளிச்சம் சால்மன் முட்டைக்கே கேடு என்பதால் அந்த மூடி எப்படியும் இருக்க வேண்டியதுதான்.

*ஒரே தாய்மீனின் முட்டைகளில் மட்டும்.* முட்டையின் செம்மஞ்சள் நிறம் தாய் உண்ட உணவிலிருந்து வரும் ஆஸ்டாசாந்தின் போன்ற நிறமிகளால் ஆனது. தாய்க்குத் தாய் இது மாறும். வெளிறிய முட்டை என்பதால் அது செத்த முட்டை ஆகிவிடாது. சராசரிச் சிவப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நிரல், வெளிறிய குடும்பம் முழுவதையும் கழிவுக்கு அனுப்பும். இனப்பெருக்கத் தேர்வுக்காக வைத்த குடும்பமாக இருந்தால் அந்த நட்டத்தை ஈடுகட்ட வழியில்லை. தீர்ப்பில் நிறத்துக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைக் குறைத்து, ஒளி ஊடுருவலையும் கண்ணையும் முதன்மையாக வைக்க வேண்டும். வெள்ளை எது என்று கணித்து நிறங்களைத் திருத்தும் கேமராவின் வெள்ளைச் சமநிலை தானியங்கியாக இருந்தால் அதை நிறுத்திப் பூட்டுங்கள். வெளிறிய முட்டைகள் தொடர்ந்து வரும்போது அது தன்னைத் தானே திருத்திக்கொண்டு, அடுத்து வரும் சிவந்த முட்டைகளையும் கெடுக்கும். அயோடின் கிருமிநீக்கியில் முக்கி எடுத்த முட்டைகளைச் சரியாக அலசாமல் ஓட்டினாலும் நீர் பழுப்பேறி நிறம் மாறித் தெரியும். அது கேமராக் கோளாறு என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஈர முட்டையின் மேல் விளக்கு பட்டு ஒளிரும் பளபளப்பும் வெள்ளையாகவே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். எல்லா முட்டையிலும் ஒரே இடத்தில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அது பளபளப்பு. விளக்குக்கும் லென்ஸுக்கும் முனைவாக்க வடிகட்டிகளைக் குறுக்காகப் பொருத்தினால் மறைந்துவிடும்.

"வெள்ளை முட்டை நல்ல தொட்டிக்குள் வருகிறது"

இதற்கு முதல் கேள்வி: இயந்திரம் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் தள்ளவில்லையா? சேமித்த படங்களைத் திறந்து, அந்த வெள்ளை முட்டைக்கு நிரல் என்ன தீர்ப்பு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "கழி" என்று எழுதியிருந்தும் முட்டை நல்ல தொட்டியில் இருந்தால், கேமராவை விட்டுவிட்டு வால்வுக்குப் போங்கள். படம் சேமிக்கும் வசதி இல்லாத இயந்திரத்தில், முட்டையின் அளவுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளைக் கிருமிநீக்கம் செய்து கலந்து ஓட்டலாம். அவ்வளவு அப்பட்டமான வெள்ளையும் தப்பினால் சந்தேகம் வால்வின் மேல்தான்.

வால்வு பிரச்சினையில் பெரும்பாலும் நேரம்தான் குற்றவாளி. முட்டை வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, கேமராவுக்கும் பீச்சுமுனைக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர் என்றால், படம் எடுத்து 200 மில்லிவினாடி கழித்துக் காற்று அடிக்க வேண்டும். 5 மில்லிவினாடி பிசகினால் 2.5 மில்லிமீட்டர் விலகும். ஏறக்குறைய அரை முட்டை. 10 மில்லிவினாடி பிசகினால் ஒரு முழு முட்டை: செத்தது தப்பும், அதன் பக்கத்திலிருக்கும் நல்லது கழிவில் விழும். எனவே இந்தப் பக்கம் செத்தது தப்புவதும் அந்தப் பக்கம் நல்லது விழுவதும் ஒரே நேரத்தில், கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் கூடினால், எல்லை மதிப்பை எப்படி நகர்த்தினாலும் தீராது. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கூடும் என்பதுதான் எல்லை மதிப்பின் இயல்பு. இரண்டும் சேர்ந்து கெடுவது நேரப் பிசகின் கையெழுத்து.

நேரம் ஏன் பிசகுகிறது? பெல்ட் தளர்ந்து வழுக்கும். வேகத்தை அளக்கும் சென்சாரில் அழுக்கு படியும். யாரோ உற்பத்தியைக் கூட்ட வேகத்தை ஏற்றிவிட்டு, தாமத அளவை மாற்றியிருக்க மாட்டார்கள். கம்ப்ரசரில் அழுத்தம் குறைந்தால் வால்வு திறந்தாலும் காற்று தாமதமாகவும் மெலிந்தும் வரும். ஒரே சமயத்தில் பல வால்வுகள் திறக்கும்போது மட்டும் தவறினால், அழுத்தமானியை அந்த நொடியில் பாருங்கள், முள் சாயும். காற்றுக் குழாயில் நீர் தேங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஈரமான பொரிப்பகத்தில் அது தேங்காமல் இருந்தால்தான் வியப்பு.

ஒரு துளையில் இரண்டு முட்டைகள் அமர்வது இன்னொரு காரணம். அட்லாண்டிக் சால்மன் முட்டை பொதுவாக 5 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கும். முதல்முறை முட்டையிடும் சிறிய தாய்மீன்களின் முட்டை அதைவிடச் சிறுத்திருக்கும். பெரிய முட்டைக்கான தட்டில் சிறிய முட்டையை ஓட்டினால் இரட்டையாக உட்காரும். சப்ரோலெக்னியா பூஞ்சை பிடித்துக் கொத்தாக ஒட்டிய முட்டைகளும் அப்படியே. பூஞ்சைக் கொத்துகளை இயந்திரத்தில் போடவே கூடாது. செத்த முட்டையில் வளரும் அந்த இழைகள் உயிர் முட்டையையும் பற்றும், தட்டு முழுவதும் பரவும். உளுந்தில் கல் பொறுக்குவது போலக் கையால் முதலில் பொறுக்கிவிடுங்கள்.

"வெற்று முட்டைகள் வெளுக்காமல் நல்ல தொட்டிக்குப் போகின்றன"

இது முட்டையின் உயிரியல் சார்ந்தது. வெற்று முட்டை, அதாவது கருவுறாத முட்டை, தானாக உடனே வெளுப்பதில்லை. வாரக்கணக்கில் தெளிவாகவே கிடக்கும். மஞ்சள்கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வு கிழிந்தால்தான் வெளுக்கும். மஞ்சள்கருவில் உள்ள குளோபுலின் புரதம் உப்புக் கரைசலில் கரைந்திருக்கும், நன்னீர் உள்ளே புகுந்து உப்பு நீர்த்ததும் வெண்மையாகப் படிந்துவிடும். செத்த முட்டையின் வெண்மை இதுதான்.

ஆகவேதான் கருவின் கண் தெரியத் தொடங்கியபின் முட்டைகளுக்கு அதிர்ச்சி கொடுக்கிறோம். ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றியோ, குழாயால் உறிஞ்சிவிட்டோ. வலுவான கரு தாங்கும். வெற்று முட்டையின் சவ்வு கிழிந்து வெளுக்கும். ஆனால் அது சில மணி நேரத்தில் முடியும் வேலையல்ல. அதிர்ச்சி கொடுத்த அன்றே ஓட்டினால் பாதி வெளுத்தவையும் வெளுக்காதவையும் கலந்து வரும். நிரல் குழம்புவதில் வியப்பில்லை. ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

அதிர்ச்சிக்கு முன் பாகை-நாள் கணக்கைச் சரிபாருங்கள். சராசரி நீர் வெப்பத்தை நாட்களால் பெருக்கினால் வருவது அது: 8 டிகிரியில் 30 நாள் என்றால் 240. அட்லாண்டிக் சால்மனில் சுமார் 220 முதல் 250 வரையில் கண் தெரியத் தொடங்கும். அதற்கு முன்னால் கரு அசைவையே தாங்காது. அந்தக் கட்டத்தில் இயந்திரத்தில் ஓட்டினால் பிரிப்பதற்குப் பதில் கொன்றுகொண்டிருப்போம்.

"கண் தெளிவாக இருக்கிறது, இயந்திரம் இல்லை என்கிறது"

சேமித்த படத்தைப் பெரிதாக்குங்கள். கண் நீண்டு கோடாகத் தெரிந்தால் அசைவு மங்கல். முன் சொன்ன 0.5 மீட்டர் வேகத்தில் ஒளிபடும் நேரம் 1 மில்லிவினாடி என்றால், முட்டை அதற்குள் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கண்புள்ளிக்கு அது மிக அதிகம். நேரத்தை 0.2 மில்லிவினாடிக்குக் குறைத்து, இழந்த வெளிச்சத்தை விளக்கில் ஈடுகட்ட வேண்டும். லென்ஸின் துளையைத் திறந்து ஈடுகட்டினால் ஆழத் தெளிவு, அதாவது அருகிலும் தள்ளியும் இருப்பவை ஒருசேரக் கூர்மையாகத் தெரிவது, போகும்; உருண்டையான முட்டையில் அது அடுத்த தலைவலி.

படம் கூர்மையாக இருந்தும் கண் இல்லையென்றால், கரு கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும் இயந்திரத்தில் இது தவிர்க்க முடியாதது. இரண்டாவது கேமராவோ மறுபக்கத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியோ வேண்டும், இல்லையேல் "கண் தெரியவில்லை, ஆனால் தெளிவான முட்டை" என்ற வகையைத் தனித் தொட்டிக்கு அனுப்பி மறுபடி ஓட்டுங்கள். முட்டை அப்போது வேறு பக்கமாக உருண்டு உட்கார வாய்ப்புண்டு.

"நிரலைப் புதுப்பித்தபின் எல்லாம் மாறிவிட்டது"

முதலில் கேமரா அமைப்புகளைப் பாருங்கள்: புதுப்பித்தலில் தானியங்கி ஒளி அளவும் வெள்ளைச் சமநிலையும் மறுபடி உயிர்பெற்றிருக்கலாம். அவை சரியாக இருந்தால், பழைய படங்களிலிருந்து கற்றுத் தீர்ப்புச் சொல்லும் நிரல்பகுதியான கற்றல் மாதிரியைச் சந்தேகிக்கலாம்.

ஒரு பருவத்தின், ஓர் இனத்தின் படங்களை வைத்துப் பயிற்றுவித்த மாதிரி, அடுத்த ஆண்டு வேறு இன முட்டை வந்ததும் சறுக்கும். "சோதனையில் 99 சதவீதம் துல்லியம்" என்று விற்பனையாளர் காட்டும்போது கேட்க வேண்டிய கேள்வி: ஒரே தாய்மீனின் முட்டைகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தனவா? கலந்திருந்தால், மாதிரி அந்தக் குடும்பத்தின் நிறத்தையும் அன்றைய விளக்கையும் மனப்பாடம் செய்திருக்கும். குடும்பவாரியாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எண் இறங்கும், ஆனால் நம்பலாம். பயிற்சிப் படங்களுக்கு உயிர், செத்தது என்று பெயரிடும்போது இரண்டு பேர் தனித்தனியாக இடட்டும். இருவரும் ஒத்துப்போகாத முட்டைகளை வலிந்து ஒரு பக்கம் தள்ளாமல் "ஐயம்" என்றே வையுங்கள்.

எல்லை மதிப்பைத் தொட வேண்டிய இடம் இதுதான். பெயரிட்ட பழைய படங்களின் ஒரு தொகுப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதையே ஓட்டி, இரு பக்கத் தவறுகளையும் தேதியோடு எழுதுங்கள். எழுதாமல் மாற்றுபவரிடமிருந்து கடவுச்சொல்லை வாங்கி வைத்துவிடுவது நல்லது.

"பிரித்து முடித்த மறுநாள் சாவு கூடுகிறது"

அதே தொகுதியில் ஓட்டாத முட்டைகளைக் கொஞ்சம் தனியே வைத்திருந்தால்தான் இதற்கு விடை உண்டு. அவையும் அதே அளவு வெளுத்திருந்தால் இயந்திரம் குற்றமற்றது. முதல் அதிர்ச்சியில் தப்பிய பலவீனமான முட்டைகள் இப்போது போகின்றன. ஓட்டியவை மட்டும் அதிகமாகச் செத்திருந்தால் வெளியேறும் குழாயின் விழும் உயரத்தையும், தட்டின் துளை விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்பதையும், காற்றழுத்தம் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தொட்டி நீருக்கும் இயந்திர நீருக்கும் வெப்ப வேறுபாடு இருக்கக் கூடாது.

"தட்டில் நுரையும் தோலும்"

உடனே நிறுத்துங்கள். முட்டை பொரியத் தொடங்கிவிட்டது; அந்தத் தோல் பொரிந்த முட்டைகளின் ஓடு. அட்லாண்டிக் சால்மனில் சுமார் 500 பாகை-நாளை ஒட்டிப் பொரிவு வரும். வெப்பமும் ஆக்சிஜன் குறைவும் அலைக்கழிப்பும் அதை முந்தச் செய்யும். முதலில் பொரிபவை வெளியிடும் ஓடு கரைக்கும் நொதி அதே நீரில் பக்கத்து முட்டைகளின் ஓட்டையும் மெலிவிக்கும். ஆகவே நுரை கண்டபின் "இன்னும் ஒரு தட்டுதானே" என்று ஓட்டினால், அந்தத் தட்டில் ஓடு மெலிந்த முட்டைகளே அதிகம் இருக்கும். காற்றடி பட்டதும் கிழியும். மீதியைப் பொரிப்புத் தட்டுகளுக்கு மாற்றி, நீரோட்டத்தைக் கூட்டி, வெளிச்சத்தைக் குறையுங்கள். தங்கிய செத்த முட்டைகளைப் பொரிந்தபின் கையால் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்தில் ஒட்டிய தோல் காயும் முன் கழுவிவிட வேண்டும். காய்ந்தபின் துளைகளிலிருந்து சுரண்டி எடுப்பது பெரும்பாடு.